ஸ்டாரா, டெல்டாவா? மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கும் முறை

"அண்ணா, இந்த மோட்டாரை ஸ்டார்ல போடட்டுமா, டெல்டால போடட்டுமா?" வாழப்பாடி, ஆத்தூர் பக்கமிருந்து இப்படிப் போன் வந்தால் நான் பதில் சொல்ல மாட்டேன். "நேம் பிளேட்டைத் துடைச்சு, போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி" என்பேன். தகட்டில் பெயின்ட் அடித்திருந்தால் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். ஸ்டாரில் போட்டால் கரண்ட் மிச்சம், டெல்டாவில் போட்டால் பவர் அதிகம் என்று கடைவீதியில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பித்தான் நானும் வேலை கற்ற புதிதில் ஒரு 2 எச்.பி. மோட்டாரைக் கருக்கினேன். டெல்டாவில் நன்றாக இழுக்கும் என்று, காயில் முனைகளைச் சேர்க்கும் பட்டையை மாற்றிப் போட்டேன். தறிக்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வார்னிஷ் வாசனை வந்துவிட்டது.

அன்று நான் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருக்கும் காயில் எத்தனை வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டது?

காயிலுக்குப் போகும் வோல்ட்

மோட்டாருக்குள் மூன்று காயில் கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், முடிவு என்று இரண்டு முனை. ஆக ஆறு முனை. முடிவுகள் மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, தொடக்கங்களுக்கு ஆர், ஒய், பி ஃபேஸ்களைக் கொடுத்தால் அது ஸ்டார். ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்த்து வளையமாக்கி, மூன்று சந்திப்புகளிலும் ஃபேஸ் கொடுத்தால் டெல்டா.

நம் ஊர் லைனில் இரண்டு ஃபேஸுக்கு இடையே 415 வோல்ட். டெல்டாவில் ஒவ்வொரு காயிலும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே நேராக உட்காருகிறது. 415 முழுதும் அதன் தலையில். ஸ்டாரில் அந்த 415ஐ 1.732ஆல் வகுத்தால் வருகிற 240 வோல்ட்தான் ஒரு காயிலுக்குக் கிடைக்கும்.

ஆகவே 240 வோல்ட்டுக்குச் சுற்றிய காயிலை 415 லைனில் ஸ்டாரில்தான் ஓட்ட வேண்டும். 415க்குச் சுற்றிய காயிலை டெல்டாவில் ஓட்ட வேண்டும். எது நல்லது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை, சுற்றியவர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

நேம் பிளேட்டைப் படிப்பது

415 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணம் இருந்தால் டெல்டா. கவட்டை மாதிரி ஒரு குறி இருந்தால் ஸ்டார். பொதுவாக 2 எச்.பி. வரையுள்ள சிறிய மோட்டார்கள் ஸ்டாரிலும், 5 எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ளவை டெல்டாவிலும் வரும். நடுவில் 3 எச்.பி. இரண்டு விதமாகவும் வருகிறது. அதனால் எச்.பி.யைப் பார்த்து ஊகிக்கக் கூடாது.

ஏமாற்றுவது இரண்டு வோல்ட் எழுதிய தகடுதான். வெளிநாட்டு இயந்திரங்களோடு வரும் மோட்டார்களில் 230/400 என்று எழுதி, முக்கோணம், கவட்டை இரண்டையும் போட்டிருப்பார்கள். சின்ன எண் முக்கோணத்துக்கு, பெரிய எண் கவட்டைக்கு. இந்த மோட்டாரின் காயில் 230 வோல்ட்டுக்குரியது. நம் லைனில் ஸ்டார் மட்டும்தான். 400/690 என்று இருந்தால் காயில் 400 வோல்ட் தாங்கும். நம் லைனில் டெல்டா, ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரும் போடலாம். 230/400 மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் ஸ்டாரில் அழகாக ஓடி, டெல்டாவுக்கு மாறிய பிறகு புகையும்.

ஏற்காட்டில் சின்ன எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சிங்கிள் ஃபேஸ் மட்டும் இருக்கும் இடத்தில் டிரைவ் என்ற எலக்ட்ரானிக் பெட்டியை வைத்து, காபிப் பழத்தின் தோலை உரிக்கும் 1 எச்.பி. பல்பரை ஓட்டுகிறார்கள். அந்த டிரைவ் வெளியே தருவது 230 வோல்ட் மூன்று ஃபேஸ். 230/400 மோட்டாரை அங்கே டெல்டாவில்தான் போட வேண்டும். ஸ்டாரில் போட்டால் பழம் விழுந்ததும் திணறும். அதே மோட்டாரைக் கீழே சேலத்துக்குக் கொண்டு வந்து 415 லைனில் மாட்டினால், மறக்காமல் ஸ்டாருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

மெயினை ஆஃப் செய்து, ஃப்யூஸ் கேரியர் மூன்றையும் கழற்றி உங்கள் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பலகை மேல் வைக்காதீர்கள். தோட்டத்தில் இது இன்னும் முக்கியம்: மூன்று ஃபேஸ் வந்ததும் தானாக மோட்டாரைப் போடும் 'ஆட்டோ' பல கிணறுகளில் இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று டெர்மினலில் கை வைத்திருப்பீர்கள், அந்தப் பக்கம் கரண்ட் வந்துவிடும். பேனலில் கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். அப்புறம் டெஸ்ட் லாம்ப்பால் மூன்று ஃபேஸையும் ஒன்றோடு ஒன்றும், எர்த்தோடும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறக்கலாம்.

பட்டை போடும் முறை

டெர்மினல் பாக்ஸுக்குள் இரண்டு வரிசையில் ஆறு போல்ட். கீழ் வரிசை யு1, வி1, டபிள்யூ1. மேல் வரிசை டபிள்யூ2, யு2, வி2. பழைய மோட்டார்களில் ஏ1, பி1, சி1 என்றும் இருக்கும். மேல் வரிசை ஏன் ஓர் இடம் தள்ளி இருக்கிறது என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். யு1க்கு நேர் மேலே யு2 இருந்தால், செங்குத்தாகப் போடும் பட்டை ஒரே காயிலின் இரண்டு முனையையும் சேர்த்துவிடும். தள்ளி வைத்திருப்பதால் பட்டையைச் செங்குத்தாகப் போட்டாலே அது டெல்டா ஆகிவிடுகிறது: யு1 டபிள்யூ2வோடு, வி1 யு2வோடு, டபிள்யூ1 வி2வோடு.

ஸ்டாருக்கு மேல் வரிசை மூன்றையும் பட்டைகளால் படுக்கையாகச் சேர்க்க வேண்டும். கீழ் வரிசையில் ஃபேஸ். ஸ்டார் முடிச்சில் நியூட்ரலைக் கொண்டு வந்து மாட்ட வேண்டாம், இந்த மோட்டாருக்கு அது தேவையே இல்லை.

பட்டைக்கும் போல்ட்டுக்கும் நடுவே பச்சை படிந்திருந்தால் எமரி தாளால் தேயுங்கள். ஒரு நட் லூஸாக இருந்தாலும் அந்த இடம் சூடேறி, கடைசியில் ஒரு ஃபேஸ் விட்டுப்போகும்.

முனைகளில் பெயர் இல்லாவிட்டால்

ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டாரில் ஆறு ஒயரும் ஒரே நிறத்தில் தொங்கும். இந்த வேலைக்கு நிதானம் வேண்டும், அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி வைத்து ஜோடிகளைப் பிரியுங்கள். மூன்று ஜோடி வர வேண்டும், மூன்றின் ஓம்ஸும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் (டர்ன் ஷார்ட்), அங்கேயே நிறுத்துங்கள். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்து பாடிக்கும் காயிலுக்கும், காயிலுக்கும் காயிலுக்கும் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் காய வைக்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. நல்ல வைண்டிங் நூற்றுக்கணக்கில் காட்டும்.

அடுத்தது எது தொடக்கம், எது முடிவு என்பது. முள் மீட்டரும் ஒரு டார்ச் பேட்டரியும் போதும். ஒரு ஜோடியை எடுத்து, விருப்பம் போல் ஒரு முனைக்கு யு1, மற்றதற்கு யு2 என்று சீட்டு ஒட்டுங்கள். இரண்டாவது ஜோடியை மீட்டரில் மாட்டி, குறைந்த டி.சி. ரேஞ்சில் வையுங்கள். பேட்டரியின் மைனஸை யு2வில் பிடித்து, பிளஸால் யு1ஐத் தொடுங்கள். தொடும் அந்தக் கணத்தில் முள் வலது பக்கம் உதைத்தால், மீட்டரின் சிவப்பு ஒயர் மாட்டிய முனைதான் வி2. இடது பக்கம் உதைத்தால் சிவப்பில் இருப்பது வி1. பேட்டரியை எடுக்கும்போது முள் எதிர்ப் பக்கம் உதைக்கும்; அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்றாவது ஜோடிக்கும் இதேதான். காயில்கள் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருப்பதால் பக்கத்துக் காயிலில் கிளம்பும் வோல்ட் எதிர்த் திசையில் இருக்கிறது. அதனால்தான் பிளஸ் உதை முடிவு முனையைக் காட்டுகிறது, தொடக்கத்தை அல்ல. இதைத் தலைகீழாக மனப்பாடம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றில் ஒன்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்தால் மோட்டார் கத்தும்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். 24 வோல்ட் ஏ.சி. டிரான்ஸ்பார்மர் ஒன்று எடுங்கள். யு2வையும் வி1ஐயும் சேர்த்துவிட்டு, யு1க்கும் வி2வுக்கும் அந்த 24 வோல்ட்டைக் கொடுத்து, மூன்றாவது காயிலில் மீட்டர் வையுங்கள். வோல்ட் காட்டினால் பெயர் சரி. ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் முடிவும் முடிவும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு ஜோடியின் சீட்டை மாற்றி ஒட்டுங்கள். 240 வோல்ட்டில் இதைச் செய்து காட்டும் சூரர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு

டெல்டா மோட்டாரைத்தான் தொடங்கும் சில நொடிகளுக்கு மட்டும் ஸ்டாரில் வைக்கிறோம். 10 எச்.பி. மோட்டாரைப் பாருங்கள். முழு லோடில் லைனில் 14 ஆம்ப்ஸ் போகும். நேராகப் போட்டால், அதாவது டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில், தொடங்கும்போது ஆறு மடங்கு, 84 ஆம்ப்ஸ் இழுக்கும். ஸ்டாரில் காயிலின் வோல்ட் 1.732இல் ஒரு பங்காகிறது, காயிலின் கரண்ட்டும் அப்படியே குறைகிறது. அதோடு டெல்டாவில் லைன் கரண்ட் காயிலைப் போல் 1.732 மடங்கு, ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. இரண்டு குறைவும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு, 28 ஆம்ப்ஸ்.

ஆனால் இழுவையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இழுவை, வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோடையில் லைன் 360 வோல்ட்டுக்கு இறங்கினால் அதிலும் முக்கால் பங்குதான் மிஞ்சும். இதனால்தான் கிணற்று பம்பு ஸ்டாரில் சுலபமாகக் கிளம்புகிறது; தண்ணீர் தள்ளும் பாரம் வேகம் ஏறிய பிறகுதான் வரும். சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் குச்சிக்கிழங்கு அரைக்கும் ராஸ்பர் அப்படியில்லை. முந்தின நாள் கிழங்கும் திப்பியும் உள்ளே இறுகிக் கிடந்தால் ஸ்டாரில் உறுமிக்கொண்டே நிற்கும். டெல்டாவுக்கு மாற்றும் டைமரைக் கூட்டி வைத்துப் பயனில்லை, காயில்தான் காயும். டிரம்மைக் கழுவிவிட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, காலியாகத் தொடங்கி, பிறகு கிழங்கைப் போட வேண்டும். மாவு மில்லிலும் இதே கதைதான்.

ஆறு ஒயர் இணைப்பு

ஸ்டார்ட்டர் போடும்போது முதல் வேலை, டெர்மினல் பாக்ஸில் இருக்கும் பட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி எடுப்பது. டெல்டாப் பட்டையை விட்டுவிட்டு ஆறு ஒயரைக் கொண்டு வந்தால், ஸ்டார் கான்டாக்டர் (காந்தத்தால் மூடும் ஸ்விட்ச்) மூடும் கணத்தில் மூன்று ஃபேஸும் நேருக்கு நேர் ஷார்ட். டமார்.

மெயின் கான்டாக்டரிலிருந்து ஆர், ஒய், பி முறையே யு1, வி1, டபிள்யூ1க்கு. டெல்டா கான்டாக்டரிலிருந்து ஆர் வி2வுக்கு, ஒய் டபிள்யூ2வுக்கு, பி யு2வுக்கு. ஸ்டார் கான்டாக்டரின் ஒரு பக்கம் யு2, வி2, டபிள்யூ2. மறுபக்கம் மூன்றையும் சேர்த்து ஒரு முடிச்சு.

கூர்ந்து பார்த்தால் இது பட்டை டெல்டா இல்லை என்று தெரியும். பட்டையில் யு1 டபிள்யூ2வோடு. இங்கே யு1ம் வி2வும் ஆர் ஃபேஸில். இரண்டும் டெல்டாதான், இரண்டிலும் மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும். ஸ்டாரிலிருந்து மாறும் நொடியில் கரண்ட் தூக்கி அடிப்பது இரண்டாவது முறையில் குறைவு. மாறும்போது மெயின் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்றால் இதை ஒருமுறை பாருங்கள்.

முடிவு முனைகள் மூன்றை மூன்று ஃபேஸில் மாட்ட ஆறு வழி உண்டு. இரண்டு சரி. ஒன்றில் ஒவ்வொரு காயிலின் இரண்டு முனையும் ஒரே ஃபேஸுக்குப் போகும்: ஸ்டாரில் நன்றாக ஓடும், டெல்டாவுக்கு மாறியதும் சத்தமே இல்லாமல் வேகம் இறங்கி நின்றுவிடும். மற்ற மூன்றிலும் ஒரு காயில் செத்துக் கிடக்க, மற்ற இரண்டும் ஒரே ஜோடி ஃபேஸில் மாட்டிக்கொள்ளும்: மாறியதும் உறுமல், கரண்ட் அதிகமானால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே தட்டும். போர்வெல் நீர்மூழ்கி மோட்டாரில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒரே நிறத்தில் இரண்டு கேபிள் மேலே வருவதால் இந்தத் தவறு அங்கேதான் அதிகம் நடக்கிறது. மேலேயே மீட்டர் வைத்து ஜோடியைப் பார்த்துவிட்டு மாட்டினால் தீர்ந்தது.

சுற்றும் திசை தவறு என்றால் ஆறு ஒயரில் கை வைக்காதீர்கள். மெயினுக்கு வரும் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும்.

ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒரே நேரத்தில் மூடவே கூடாது. ஒரு கான்டாக்டரை இழுக்கும் காயிலின் லைன், மற்றதன் என்.சி. (அது மூடும்போது திறந்துகொள்ளும் முனை) வழியாகத்தான் போக வேண்டும். முடிந்தால் மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் போடுங்கள். என்.சி. கருகிவிட்டது என்று அதை ஒயரால் பைபாஸ் செய்த பேனலைத் திறந்து பார்த்திருக்கிறேன். இரண்டு கான்டாக்டரும் உருகி ஒட்டியிருந்தன.

ரிலேயும் டைமரும்

அதிக மோட்டார்களைக் கொல்வது ரிலே செட்டிங்தான். மேலே சொன்ன இணைப்பில் ஓவர்லோடு ரிலே, மெயின் கான்டாக்டருக்கும் யு1, வி1, டபிள்யூ1க்கும் நடுவே உட்காரும். அங்கே போவது காயில் கரண்ட். லைன் கரண்ட்டில் 58 சதவீதம்தான். 14 ஆம்ப்ஸ் மோட்டாருக்கு 8.1இல் வைக்க வேண்டும். தகட்டில் 14 என்று இருக்கிறதே என்று 14இல் வைத்தால், மோட்டார் வெந்தாலும் ரிலே அசையாது. ஸ்டார்ட்டருக்கு முன்னாலேயே லைனில் ரிலே போட்டிருந்தால் மட்டும் 14. உங்கள் பேனலில் ரிலே எங்கே இருக்கிறது என்று ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருகைத் திருப்புங்கள்.

டைமருக்கு, ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் டாங் டெஸ்டர்தான் வழி. ஒரு லைனில் மாட்டி ஸ்டார்ட் கொடுத்து, ஸ்டாரில் கரண்ட் உச்சத்திலிருந்து இறங்கி ஓரிடத்தில் நிற்கும் வரை எண்ணுங்கள். அதோடு ஒரு நொடி கூட்டி வையுங்கள். சாதாரண பம்புக்கு ஐந்து நொடிக்கு முன்பின் வரும். நீர்மூழ்கி மோட்டார் ஓரிரு நொடியில் வேகம் பிடித்துவிடும். பெரிய ஃப்ளைவீல் உள்ளதற்கு அதிகம் ஆகும். கரண்ட் இறங்கவே இல்லை என்றால் ஸ்டாரில் பாரத்தை இழுக்க முடியவில்லை. டைமரை விட்டுவிட்டு பாரத்தைக் குறைக்கும் வழியைப் பாருங்கள்.

ஸ்டாரிலேயே ஓட விடுவது

டெல்டா கான்டாக்டர் கெட்டுப் போனால் "இப்போதைக்கு ஸ்டாரில் ஓடட்டும்" என்று விடுவார்கள். பாரம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் ஓடும், கரண்ட்கூடக் கொஞ்சம் மிச்சமாகும். பெரிய மோட்டாரைத் தேவையில்லாமல் மாட்டிய இடங்களில் வேண்டுமென்றே இப்படிச் செய்வதும் உண்டு. முழுப் பாரத்தில் விட்டால் வேகம் இறங்கி, கரண்ட் ஏறி, சாயங்காலத்துக்குள் பட்டறைக்கு வந்துவிடும். கடைவீதிப் பேச்சு இந்த இடத்தில் பாதி உண்மை.

மலை மேல்

மோட்டாரின் அளவீடுகள் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம், 40 டிகிரி சூடு வரைக்கும் கணக்கிட்டவை. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். காற்று மெலிந்தால் விசிறி குளிர்விப்பது குறையும். ஆனால் அங்கே வெயிலே 30ஐ ஒட்டித்தான் நிற்கிறது, அதனால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். மலையில் எனக்குத் தொல்லை கொடுப்பது ஈரம். காபி சீசன் முடிந்து பல்பர் மோட்டார் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். மூடுபனி டெர்மினல் பாக்ஸுக்குள் புகுந்திருக்கும். நவம்பரில் மறுபடி தொடங்கும்போது மெகர் வைக்காமல் ஸ்விட்சைப் போட வேண்டாம்.

கரண்ட் கொடுத்த பிறகு

பாரம் இல்லாமல் ஓட்டி, மூன்று லைனிலும் டாங் டெஸ்டர் வையுங்கள். முழு லோடு கரண்ட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவாகக் காட்ட வேண்டும். ஒரு லைனில் மட்டும் கூடினால், வரும் ஒயர் மூன்றையும் ஓர் இடம் தள்ளி மாட்டுங்கள்: ஆர் இருந்த இடத்தில் பி, ஒய் இடத்தில் ஆர், பி இடத்தில் ஒய். திசை மாறாது. கூடுதல் கரண்ட் ஒயரோடு நகர்ந்தால் கோளாறு லைனில். அதே டெர்மினலில் நின்றால் மோட்டாரில்.

எரிந்த மோட்டாரைப் பிரித்தாலும் கதை தெரியும். ஒரு ஃபேஸ் விட்டுப்போய் எரிந்திருந்தால், டெல்டா மோட்டாரில் ஒரு ஃபேஸ் காயில்கள் மட்டும் கருகி மற்ற இரண்டும் புதுசாக இருக்கும். ஸ்டார் மோட்டாரில் இரண்டு கருகி ஒன்று தப்பியிருக்கும். எல்லாமே சமமாகக் கருகியிருந்தால் பாரம் அதிகம், அல்லது பட்டை மாற்றிப் போட்டது. மறுபடி சுற்றக் கொடுக்கும்போது பழைய இணைப்பு எது என்று பட்டறையில் சொல்லிவிடுங்கள்.

மூடியைத் திருகுவதற்கு முன், அதன் உட்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள். நான் எழுதுவது இவ்வளவுதான்: 415 டெல்டா, ரிலே 8.1, டைமர் 5, தேதி.